எம்ஜிஎம்டியின் இரண்டாவது ஆல்பம்: சவுண்டைக் கெடுத்தார்களா, நாம்தான் ஐந்தாவது பாட்டோடு நிறுத்திவிட்டோமா?

கேசட்_காலம்:

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் எம்ஜிஎம்டி என்ற அமெரிக்க பேண்டின் இரண்டாவது ஆல்பமான 'கங்கிராஜுலேஷன்ஸ்' முழுவதையும் முதல் பாட்டிலிருந்து கடைசி வரை கேட்டேன். பல வருடம் கழித்து. 2010 ஏப்ரலில் இது வந்தபோது திட்டித் தீர்த்தவர்களில் நானும் ஒருத்தன், அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் கேட்ட விதமே கோளாறு. வெளியாவதற்குச் சில வாரம் முன்பே ஆல்பம் கசிந்துவிட்டது, சரி போகட்டும் என்று பேண்டே தங்கள் தளத்தில் மொத்தத்தையும் ஓடவிட்டது. நான் அதைக்கூடப் பார்க்கவில்லை. ஹாஸ்டலில் டிசி பிளஸ் பிளஸில் எவனோ பகிர்ந்திருந்த ஃபோல்டரை இறக்கினேன், அதில் பாட்டு வரிசை எல்லாம் குழம்பிக் கிடந்தது. முதலில் ஓடியது 'சைபீரியன் பிரேக்ஸ்'. பன்னிரண்டு நிமிடம். இரண்டு மூன்று நிமிடத்தில் பாட்டு வேறு மாதிரி ஆகிறது, கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வேறு மாதிரி. பகிர்ந்தவன் நாலைந்து பாட்டை ஒரே ஃபைலாக ஒட்டித் தொலைத்துவிட்டான் என்று நினைத்து ஆடாசிட்டியில் போட்டு வெட்டப் பார்த்தேன், சத்தியமாக. வெட்ட இடமே கிடைக்கவில்லை. ஒவ்வொரு துண்டின் வாலும் அடுத்ததன் தலைக்குள் போய்க் கிடந்தது. அப்போதே புரிந்திருக்க வேண்டும், புரியவில்லை. அழித்துவிட்டு மறுபடி முதல் ஆல்பத்து ஹிட்டான 'கிட்ஸ்' போட்டேன்.

இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான். நாம் எல்லோரும் முதல் ஆல்பமான 'ஆரக்குலர் ஸ்பெக்டாகுலர்' என்று சொல்லும்போது மூன்று பாட்டைத்தான் சொல்கிறோம்: 'டைம் டு பிரிடெண்ட்', 'எலெக்ட்ரிக் ஃபீல்', 'கிட்ஸ்'. அவை 1, 4, 5. அதற்குப் பிறகு இன்னும் ஐந்து பாட்டு இருக்கிறது. ஆறாவது 'ஃபோர்த் டைமென்ஷனல் டிரான்ஸிஷன்', எட்டாவது 'ஆஃப் மூன்ஸ், பேர்ட்ஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்', இதையெல்லாம் இன்று கேளுங்கள், இரண்டாவது ஆல்பத்தின் ஆட்கள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். மாறியது பேண்ட் இல்லை, நாம் ஆல்பத்தைப் பாதியில் விட்டு எழுந்து போனவர்கள்.

பாஸ்கிட்டார்வாசி:

வந்துவிட்டார்யா, 'உங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை' கட்சி.

தல, நான் வார இறுதியில் கவர் பேண்டில் வாசிக்கிறவன். 'கிட்ஸ்' நூறு தடவையாவது வாசித்திருப்பேன், அதனால் சொல்கிறேன். எஃப் ஷார்ப் மைனர், டி, ஏ, ஈ. கிட்டத்தட்ட முழுப் பாட்டுக்கும் இந்த நாலு கார்டுதான் சுற்றிச் சுற்றி வரும். மேலே அந்த கீபோர்ட் வரியை ஒற்றை விரலால் வாசிக்கலாம். இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று தோன்றும், எழுதிப் பாருங்கள், வராது. நாலு கார்டை ஐந்து நிமிடம் சலிக்காமல் ஓட்டுவதுதான் கஷ்டம். பன்னிரண்டு நிமிடத்தில் எட்டு ஐடியா போடுவது அதைவிடச் சுலபம், ஒரு ஐடியா பிடிக்கவில்லை என்றால் அடுத்தது வந்துவிடுமே.

மெலடி போடத் தெரியாதவன் சோதனை முயற்சி என்று ஏதாவது செய்தால் கண்டுகொள்ள மாட்டேன். தெரிந்தவன் அதை எடுத்துப் பரணில் ஒளித்து வைத்தால்தான் எரிகிறது.

சும்மா_கேட்பவள்:

நான் ஐந்தாவது பாட்டைத் தாண்டியவள்தான் கேசட். 'பீசஸ் ஆஃப் வாட்' எனக்கு அந்த ஆல்பத்திலேயே பிடித்தது, வெறும் கிட்டாரும் குரலும். இருந்தும் இரண்டாவது ஆல்பம் ஒட்டவில்லை. ஆக உங்கள் தியரி என்னிடம் செல்லாது.

எனக்குப் பிரச்சினை சவுண்ட் இல்லை. முதல் ஆல்பம் என்னைக் கூப்பிட்டது. இரண்டாவது, உள்ளே ஏதோ விருந்து நடக்கிற வீட்டுக்கு வெளியே செருப்போடு நிற்கிற மாதிரி இருந்தது. யாரும் 'வாங்க' என்று சொல்லவில்லை.

கேசட்_காலம்:

@சும்மா_கேட்பவள், அந்தச் செருப்பு உவமை கொஞ்சம் தைக்கிறது. ஆனால் அது வேண்டுமென்றே செய்தது என்றுதான் நினைக்கிறேன். தனிப்பாட்டாகப் பிய்த்துக் கேட்காதீர்கள், முழு ஆல்பமாகக் கேளுங்கள் என்பதுதான் அப்போது அவர்கள் பேச்சே. முதலில் வெளியே விட்ட 'ஃபிளாஷ் டெலீரியம்' பாட்டைப் பாருங்கள், நாலு நிமிடம் சொச்சம், பல்லவி என்று ஒன்றைப் பிடிக்கப் போனால் அது நழுவி வேறு இடத்துக்குப் போய்விடும், நடுவில் ஒரு புல்லாங்குழல் வேறு, கடைசியில் தலைதெறிக்க ஓடி முடியும். பெரிய கம்பெனி பேண்ட் எதுவும் இதைப் போய் முதல் பாட்டாக விடாது. வாசலில் நாயைக் கட்டிப்போட்ட மாதிரிதான்.

@பாஸ்கிட்டார்வாசி, நாலு கார்டு கஷ்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 'கிட்ஸ்' 2007இல் எழுதிய பாட்டு இல்லை. 'டைம் டு பிரிடெண்ட்' என்ற பெயரிலேயே ஒரு இபி, அதாவது குட்டி ஆல்பம், 2005இல் வந்தது, அதிலேயே இருக்கிறது. அதற்கும் முன்னால் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது இரண்டு பேரும் பின்னணி டிராக்கை ஓடவிட்டு, அதன்மேல் பாடிக் கூத்தடித்த பாட்டு அது. அப்போது பேண்டின் பெயர்கூட 'த மேனேஜ்மெண்ட்', அந்தப் பெயரில் வேறொரு குழு இருந்ததால் சுருக்கினார்கள். ஆக நம் கணக்கில் முதல் ஆல்பத்துக்கும் இரண்டாவதுக்கும் இரண்டரை வருடம். அவர்கள் கணக்கில் ஹாஸ்டல் ரூம் விளையாட்டுக்கும் 2010க்கும் நடுவில் அரை ஆயுசு போயிருக்கிறது. இருபது வயதில் நண்பர்களைச் சிரிக்க வைக்க எழுதியதை இருபத்தேழு வயதிலும் எழுது என்றால் எப்படி?

சினிமாவில் சொல்வார்களே, முதல் படத்துக்குப் பத்து வருடம் சேர்த்து வைத்த கதை, இரண்டாவதுக்கு ஆறே மாதம் என்று. இங்கே தலைகீழ். முதல் ஆல்பம்தான் பழைய சரக்கு. இரண்டாவதில்தான் அப்போது அவர்கள் யாராக இருந்தார்களோ அது வந்தது.

நள்ளிரவு_ரேடியோ:

சண்டைக்கு நடுவில் ஒரு ஒப்பீடு போடுகிறேன், ஏனென்றால் இதே காலத்தில் இன்னொரு பேண்ட் இதைவிடப் பெரிய பல்டி அடித்தது, அவர்களை யாரும் திட்டவில்லை. த ஹாரர்ஸ்.

2007இல் 'ஸ்ட்ரேஞ்ச் ஹவுஸ்'. கறுப்பு உடை, கோபுரம் மாதிரி தலைமுடி, பழைய பேய்ப்பட கேரேஜ் ராக். பாட்டைவிட முடிதான் அதிகம் பேசப்பட்டது. அப்புறம் 2009இல் 'பிரைமரி கலர்ஸ்', போர்டிஸ்ஹெட் குழுவின் ஜெஃப் பாரோ தயாரிப்பில் கை வைத்தார், முதலில் வெளியே விட்டது எட்டு நிமிடம் ஓடும் 'சீ விதின் எ சீ'. அதைக் கேட்டவர்களுக்கு இது அதே பேண்டா என்று சந்தேகம். பிரிட்டனில் சிறந்த ஆல்பத்துக்குக் கொடுக்கும் மெர்க்குரி பரிசுக்கான பட்டியலில் வந்தது. அங்கத்து இசைப் பத்திரிகையான என்எம்ஈ 2008இன் சிறந்த ஆல்பமாக 'ஆரக்குலர் ஸ்பெக்டாகுலர்' தேர்வு செய்தது, 2009க்கு 'பிரைமரி கலர்ஸ்'. இரண்டு வருடம், இரண்டு பேண்ட். ஒருவர் மாறியதற்கு மாலை, அடுத்த வருடமே இன்னொருவர் மாறியதற்குச் செருப்படி.

ஏன் என்றால் ஹாரர்ஸின் முதல் ஆல்பத்தை வைத்து யாரும் காதலிக்கவில்லை, யாரும் பிறந்தநாள் பார்ட்டியில் ஆடவில்லை. இழக்க ஒன்றும் இல்லாதவன் வீடு மாறினால் ஒரு டெம்போ போதும். எம்ஜிஎம்டி வீடு மாறும்போது உள்ளே நாம் குடியிருந்தோம்.

பாஸ்கிட்டார்வாசி:

குடியிருந்தோம், வாடகையும் கொடுத்தோம். அதைத்தான் சொல்கிறேன்.

எழுபதுகளின்_ஆள்:

தம்பிகளா, ஒன்பது பாட்டில் இரண்டு பாட்டின் தலைப்பிலேயே ஆள் பெயர் இருக்கிறதே, அவர்கள் யார் என்று ஒருத்தராவது பேசுவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

'சாங் ஃபார் டேன் ட்ரீசி'. ட்ரீசி லண்டன்காரர், டெலிவிஷன் பெர்சனாலிட்டீஸ் குழுவை நடத்தியவர். சுருதி பிசகும், தாளம் தள்ளாடும், வீட்டு அறையில் பதிவு செய்த மாதிரி இருக்கும், ஆனால் பின்னால் வந்த எத்தனையோ இண்டி குழுக்களுக்கு அந்தத் தள்ளாட்டம்தான் பாடம். அடுத்தது 'பிரையன் ஈனோ', சின்தசைசர் சத்தங்களில் புது வழி காட்டிய இங்கிலாந்து இசைக்கலைஞர், தயாரிப்பாளர். அவர் பெயரில் இருப்பது தலைதெறிக்க ஓடும் பாட்டு, நாங்கள் எவ்வளவு ஓடினாலும் அவருக்கு ஒரு அடி பின்னால்தான் என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளும் பாட்டு. சரி, தயாரிப்பு யார்? பீட் கெம்பர், அதாவது சோனிக் பூம், எண்பதுகளில் இங்கிலாந்தின் ரக்பி ஊரிலிருந்து வந்த ஸ்பேஸ்மென் 3 குழுவின் பாதி. ஒரே கார்டில் பத்து நிமிடம் நின்று தவம் செய்த கூட்டம் அது. பின்குரலுக்கு ராயல் ட்ரக்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் ஜெனிஃபர் ஹெரெமாவையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கச்சேரி தொடங்கும் முன் பாடகர் குருமார்களை மனசுக்குள் நினைத்துக்கொள்வாரே, இவர்கள் அதை மைக்கில் சொல்லிவிட்டார்கள். கேட்டவர்களுக்கு அந்தப் பெயர்கள் தெரியாததால் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். 1980இல் லண்டன் ரெக்கார்டுக் கடையில் வேலை பார்த்தவன் கையில் இந்த ஆல்பத்தைக் கொடுத்திருந்தால் பழைய ஆள் போல இருக்கிறதே என்றிருப்பான். புதுமை என்று சொல்வதே தப்பு. கொஞ்சம் பழைமைவாதி ஆல்பம் இது.

சும்மா_கேட்பவள்:

ஐயா நீங்கள் சொன்னது அழகாக இருக்கிறது. ஆனால் அடிக்குறிப்பு படித்தால்தான் சுவைக்கும் சாப்பாடு என்றால் எனக்குப் பசி போய்விடும்.

எழுபதுகளின்_ஆள்:

நியாயம்தான் அம்மா. ட்ரீசி யார் என்று தெரியாமலே அந்தப் பாட்டுக்குத் தலையாட்ட முடியும் என்பது என் எண்ணம். முடியவில்லை என்றால் பாட்டின் குறைதான், உங்களுடையது இல்லை.

பாஸ்கிட்டார்வாசி:

நேற்று வீம்புக்கு மறுபடி கேட்டேன். ஒரு விஷயத்தில் கேசட் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன், ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக இல்லை.

முதல் ஆல்பம் அடிப்படையில் இரண்டு பேர், ஆண்ட்ரூ வான்விங்கார்டன், பென் கோல்ட்வாசர், அப்புறம் டேவ் ஃபிரிட்மன் என்ற தயாரிப்பாளர். ஃபிளேமிங் லிப்ஸ், மெர்க்குரி ரெவ் ஆல்பங்களைச் செய்தவர், டிரம்ஸைச் சுவரே இடிந்து விழுகிற மாதிரி பதிவு செய்வார். அந்த முரட்டுச் சத்தம் பாதி அவருடையது. பிறகு ஊர் ஊராக வாசிக்க ஆள் வேண்டுமே, பாஸுக்கு மேட் ஆஸ்டி, டிரம்ஸுக்கு வில் பெர்மன், கிட்டாருக்கு ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் வந்தார்கள். 2009இல் பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தில் பால் மெக்கார்ட்னிக்கு முன்னால் வாசிக்கும் அளவுக்கு ஆகிவிட்டார்கள். அத்தனை ராத்திரி சேர்ந்து வாசித்த ஐந்து பேர் ஸ்டுடியோவுக்குள் போனால் என்ன ஆகும்? கம்ப்யூட்டரில் சுற்றிய லூப் போய் ஐந்து பேர் கை வந்துவிடும். கார்டு மாறிக்கொண்டே இருப்பதும் அதனால்தான், கையில் வாத்தியம் இருக்கிறவனை நாலு கார்டில் சும்மா நிற்க வைக்க முடியாது. என் அனுபவம் வேறு: 'கிட்ஸ்' வாசிக்கும்போது பாஸ்காரனான எனக்கு உண்மையில் வேலையே இல்லை. மூன்றாவது நிமிடத்தில் இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். 'இட்ஸ் வொர்க்கிங்' அப்படி இல்லை, கண் சிமிட்டினால் தொலைந்தோம்.

ஆனால் 'சம்ஒன்ஸ் மிஸ்ஸிங்' விஷயத்தில் மன்னிக்கவே மாட்டேன். மெல்லிய பொய்க்குரலில் தொடங்கி, ஏதோ தூரத்திலிருந்து யாரோ வருகிற மாதிரி ஏறி ஏறி, கடைசியில் பழைய சோல் பாட்டு போல அப்படியே திறந்துகொள்ளும், ஆஹா என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் முடிந்துவிட்டது. மொத்தமே இரண்டரை நிமிடம். அந்த இடத்தில் இன்னும் இரண்டு நிமிடம் ஆடியிருந்தால் அது 'கிட்ஸ்'க்கு நிகரான ஹிட். தெரிந்தே கத்தரித்திருக்கிறார்கள். பந்தியில் உட்கார வைத்து பாயசத்தைக் கண்ணில் காட்டிவிட்டு இலையை எடுத்த கதை.

கேசட்_காலம்:

அந்தக் கத்தரிப்புதானே அழகு!

பாஸ்கிட்டார்வாசி:

பசித்தவனிடம் சொல்லுங்கள்.

புதுசு2001:

அண்ணன்களே, அக்கா, நான் கொஞ்சம் லேட். எனக்கு எம்ஜிஎம்டி என்றாலே 'லிட்டில் டார்க் ஏஜ்'தான், அதுவும் ரீல்ஸில் பதினைந்து நொடி. அப்புறம்தான் அது 2018 ஆல்பம், இவர்களுக்கு அதற்கு முன்னால் மூன்று ஆல்பம் இருக்கிறது என்று தெரிந்தது. 'கங்கிராஜுலேஷன்ஸ்' நான் கேட்ட இரண்டாவது ஆல்பம், 'கிட்ஸ்' கடைசியாகத்தான் வந்தது. அதனால் நீங்கள் எதற்கு இவ்வளவு கோபப்பட்டீர்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. எனக்கு 'கிட்ஸ்'தான் வித்தியாசமாக இருந்தது, இவ்வளவு சீரியஸான ஆட்கள் இப்படியும் ஜாலியாக ஒன்று போட்டிருக்கிறார்களா என்று.

ஒரு சந்தேகம். ஆல்பம் விற்றதா இல்லையா? ஓடாத ஆல்பம் என்கிறார்கள், பார்த்தால் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 2ஆம் இடம் என்று இருக்கிறது.

நள்ளிரவு_ரேடியோ:

தம்பி, இரண்டும் உண்மை. முதல் ஆல்பம் அமெரிக்காவில் 38ஆம் இடத்தைத் தாண்டவில்லை, ஆனால் மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக்கொண்டே இருந்தது, வாய்வழியாகப் பரவி. 'எலெக்ட்ரிக் ஃபீல்' பாட்டுக்கு ஜஸ்டிஸ் என்ற பிரெஞ்சு ஜோடி செய்த ரீமிக்ஸுக்கு கிராமி கிடைத்தது. பிரான்ஸில் அப்போதைய அதிபர் சர்கோசியின் கட்சி 'கிட்ஸ்' பாட்டை அனுமதி கேட்காமல் மாநாட்டில் போட்டு மாட்டிக்கொண்டது (கட்சிக் கூட்டத்தில் ஸ்பீக்கர் கட்டி கேட்காமல் பாட்டுப் போடுவது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது). அவ்வளவு நம்பிக்கையும் சேர்ந்து இரண்டாவது ஆல்பத்தை முதல் வாரமே 2ஆம் இடத்தில் கொண்டுபோய் வைத்தது. அதற்குப் பிறகு இறங்கியது. வாங்கியவர்கள் முதல் ஆல்பத்துக்குக் கொடுத்த காசு அது, இரண்டாவதைக் கேட்டுவிட்டுக் கொடுத்தது இல்லை.

புதுசு2001:

ஓ. அப்போது அட்டையில் இருக்கிற பூனை?

கேசட்_காலம்:

அந்தோணி ஆஸ்காங் வரைந்தது. அலைமேல் சறுக்கும் பூனை, அதை விழுங்க வரும் அலையும் ஒரு பூனைதான். ஆல்பத்தில் கொஞ்சம் கலிஃபோர்னியா மாலிபு கடற்கரையில் பதிவானது, ஆண்ட்ரூவுக்கு அலைச்சறுக்குப் பைத்தியம். 'இட்ஸ் வொர்க்கிங்' தொடக்கத்திலேயே அந்தப் பழைய சர்ஃப் கிட்டார் சத்தம் கேட்கும்.

அந்த அட்டையைப் பார்க்கும்போது எனக்கு 'டைம் டு பிரிடெண்ட்' ஞாபகம் வரும். முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு. ராக் ஸ்டார் ஆகிப் பாரிஸ் போவோம், மாடல்களைக் கட்டுவோம், கடைசியில் வாந்தியில் மூச்சு முட்டிச் சாவோம் என்று கல்லூரிப் பையன்கள் கிண்டலாக எழுதியது. அப்புறம் பார்த்தால் கொலம்பியா ரெக்கார்டு கம்பெனியோடு ஒப்பந்தம், மேடை, கூட்டம், கிட்டத்தட்ட எழுதியது நடந்துவிட்டது. கிண்டல் பலித்தால் என்ன செய்வது? இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள், ஆல்பத்தின் பெயரே அதற்கும். மெதுவான கிட்டார், களைத்த குரல். வாழ்த்துகள் என்கிறான், யாரை என்று தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டல் வரும். பெரிய அரங்கத்தின் கைதட்டல் இல்லை, ஐந்தாறு பேர், அதுவும் மனசே இல்லாமல். 2010இல் நான் அதைப் பதிவில் ஏதோ பிசகு என்று நினைத்தேன். கொஞ்சம் யோசித்தால், இந்த ஆல்பத்துக்கு என்ன வரவேற்பு கிடைக்கப் போகிறது என்று முன்கூட்டியே பதிவு செய்து வைத்துவிட்டார்கள்.

சும்மா_கேட்பவள், உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு தடவை, வரிசை மாற்றாமல், நாற்பத்து நாலு நிமிடம்தான்.

பாஸ்கிட்டார்வாசி:

கேசட், கைதட்டல் பாயிண்ட் நன்றாக இருக்கிறது, ஆனால் தோற்பேன் என்று தெரிந்தே ஆடினேன் என்பது தோற்றவன் எல்லோரும் சொல்வது. அது புத்திசாலித்தனமாக இருக்கலாம், பாட்டு ஆகிவிடாது. எனக்கு இந்த ஆல்பத்தில் நாலு பாட்டு பிடிக்கிறது, முன்பு இரண்டு. இந்த வேகத்தில் போனால் 2040இல் முழுசாகப் பிடித்துவிடும்.

சும்மா_கேட்பவள்:

சரி, கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சமையலறையில், மேடைமேல் போனை வைத்து, நீங்கள் சொன்னபடி வரிசை மாற்றாமல்.

'ஐ ஃபவுண்ட் எ விசில்' போகும்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், கத்தியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன், அதை ஒப்புக்கொள்கிறேன். 'சைபீரியன் பிரேக்ஸ்' முடிவதற்குள் சாம்பாரே கொதித்துவிட்டது, நடுவில் எங்கேயோ ஒரு பத்து நொடி மிக அழகாக இருந்தது, திரும்பத் தேடினால் அந்த இடம் கிடைக்கவில்லை. 'லேடி டாடாஸ் நைட்மேர்' ஓடும்போது பின்னால் யாரோ அலறுகிற மாதிரி கேட்டதும் மகள் வந்து நிறுத்தச் சொன்னாள். நிறுத்தவில்லை.

அந்தக் கடைசிக் கைதட்டல் வந்தபோது பக்கத்து வீட்டில் அடை தட்டுகிறார்கள் என்று நினைத்து ஜன்னலைப் பார்த்தேன்.